தோட்டம், லைன் வீடு, சுவர்: கொங்கு நகரத்தை வாசித்தல்

1

கோயம்புத்தூரைப் பற்றி யார் மேடையேறினாலும் இரண்டாவது வாக்கியத்துக்குள் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' வந்துவிடுகிறது. ஆலை முதலாளி சொல்கிறார், அமைச்சர் சொல்கிறார், தொழிற்சங்கத் தோழரும் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்கிறார். உவமையை இரவல் வாங்கினோம். அந்த ஊரைப் பார்த்து எழுதப்பட்டதையும் சேர்த்து வாங்கினோமா?

1845இல் வெளிவந்த 'இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கத்தின் நிலை' என்ற நூலில் எங்கெல்ஸ் மான்செஸ்டரின் தெரு அமைப்பையே ஒரு பிரதியாக வாசித்திருக்கிறார். பணக்காரர்கள் ஊருக்கு வெளியே காற்றோட்டமான வீடுகளில் இருக்கிறார்கள். நடு ஊரில் இருக்கும் அலுவலகத்துக்குத் தினமும் வந்துபோகிறார்கள். அவர்கள் வந்துபோகும் பெருஞ்சாலைகளின் இருபுறமும் கடைகள் வரிசைகட்டி நிற்கின்றன. கடைவரிசைக்குப் பின்னால் தொழிலாளிகளின் சந்துகள். ஆண்டுக்கணக்கில் அந்த ஊரில் இருந்துகொண்டு தினமும் போய்வந்தாலும், ஒருவர் தொழிலாளி குடியிருப்பை ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காமல் காலத்தை ஓட்டிவிடலாம் என்கிறார் எங்கெல்ஸ். திட்டம்போட்டு வளர்ந்த ஊரல்ல அது. ஆனாலும் இந்த மறைப்பில் ஆலை முதலாளிகளுக்குப் பங்கே இல்லை என்று நம்பவும் அவரால் முடியவில்லை.

2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலம் திறக்கப்பட்டது. விமான நிலையத்திலிருந்து வருகிற ஒருவர் ஹோப் காலேஜ், பீளமேடு, நவ இந்தியா, லட்சுமி மில் என்று எதிலும் நிற்காமல், எதையும் பார்க்காமல் ஊரின் நடுவே இறங்கிவிடலாம். மான்செஸ்டரில் கடைவரிசை செய்த வேலையை இங்கே உயரம் செய்கிறது. போக்குவரத்து நெரிசல் குறைந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். அந்தச் சாலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவர்கள் யாரும் மேம்பாலம் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். நான் கேட்பது வேறு. இந்த நகரத்தின் கட்டடக்கலை எது என்று கேட்டால் ஏன் மேம்பாலத்தையும் மாலையும் கண்ணாடிக் கட்டடத்தையும் மட்டுமே காட்டுகிறோம்?

கொங்கு நகரத்தை லைன் வீட்டிலிருந்தும் சுற்றுச்சுவரிலிருந்தும் வாசிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அப்படி வாசித்தால், 'நகரம் கிராமத்தை விழுங்கிவிட்டது' என்று நாம் வழக்கமாகப் பேசும் பேச்சு நிற்காது. இங்கே கிராமம் தன்னுடைய எல்லைக்கோடுகளைப் பாயைப்போலச் சுருட்டி எடுத்துவந்து, நகரமென்று பெயர்வைத்து விரித்திருக்கிறது.

2

நகரமாதலைப் பற்றி இங்கே இரண்டு கதையாடல்கள் புழக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது வெற்றிக் கதை. கரிசல் மண், கம்போடியா பருத்தி, 1888இல் ஸ்டேன்ஸ் மில், 1910இல் லட்சுமி மில், 1930களில் பைக்காரா மின்சாரம், பிறகு பம்ப்செட், பவுண்டரி, கிரைண்டர், இன்ஜினியரிங் கல்லூரி, பனியன், ஐ.டி. கம்பெனி என்று வரிசை பிசகாமல் ஒப்பிக்கப்படும். இதற்கு நாயகன் ஒருவன்தான்: கோழி கூப்பிட எழுந்து, யாரிடமும் கைநீட்டாமல், முட்டி மோதி மேலே வந்த மனிதன்.

இரண்டாவது இழப்பின் கதை. தோட்டம் போச்சு, கிணறு வத்திப்போச்சு, பனைமரம் போச்சு, நொய்யல் சாக்கடையாச்சு. இதில் பொய் எதுவும் இல்லை. 1992இல் பாசனத்துக்கென்று கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தொட்டியாகிப்போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு விஷயம் முற்றியது. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' 1998இலேயே அந்த ஆற்றை நாவலாக்கிவிட்டது. நீதிமன்றத்துக்கு 13 ஆண்டுகள் முன்னால் இலக்கியம் வந்து நின்றது. இதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் இழப்பின் கதையைச் சொல்கிற 'நாம்' யார்? தோட்டம் போச்சு என்றால் யாருடைய தோட்டம்?

ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) கொங்கு நாவலுக்குத் தொடக்கம் என்கிறோம். அதன் மையம் நிலத்தில் பங்கு கேட்கும் ஒரு விதவை; முடிவு கொலை. வட்டார வழக்கின் அழகைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நம்முடைய விமர்சனம், அந்த நாவல் எடுத்த எடுப்பிலேயே பூமியைச் சொத்தாகத்தான் பார்த்தது என்பதை அழுத்திச் சொன்னதில்லை. பெருமாள்முருகனின் 'ஏறுவெயில்' (1991) காலனி கட்ட நிலம் எடுக்கப்பட்டபின் ஒரு விவசாயக் குடும்பம் குலைவதை ஒரு பையனின் கண்வழியே காட்டுகிறது. அதன் நேர்மை, குடும்பத்துக்குள்ளேயே பணம் என்னென்ன செய்கிறது என்பதை மூடி மறைக்காததில் இருக்கிறது. என்றாலும் நிலம் எடுக்கப்பட்டதற்கு இழப்பீடு பெற்றவர்களின் துயரம்தான் அங்கே மையத்தில் நிற்கிறது. அந்த நிலத்தில் கவலை இறைத்த மாதாரிக்கு இழப்பீடு கிடையாது, ஏனென்றால் இழப்பதற்கு அவர் பேரில் ஒரு சென்ட்கூட இல்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து 'கூளமாதாரி' வந்தபோது அதே எழுத்தாளர் பார்வையை மறுபக்கத்துக்கு நகர்த்தினார். பண்ணயத்துக்கு விடப்பட்ட பிள்ளைகள் மையத்துக்கு வந்தார்கள். இந்த இரண்டு நாவல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிலம் யாருக்கு என்னவாக இருந்தது என்று படிக்கும் வாசிப்பு நம்மிடம் இன்னும் போதுமான அளவு வரவில்லை.

தமிழ் படித்தவர்கள் இந்த இடத்தில் திணையைக் கூப்பிடுவார்கள். நிலமும் பொழுதும் முதற்பொருள், மனிதனும் மரமும் பறவையும் ஒன்றாக வாழ்ந்த வாழ்வு, அதை நவீனம் அழித்துவிட்டது என்று போகும் அந்தப் பேச்சு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொல்காப்பியம் அகத்திணையியலில் அடியோரையும் வினைவலரையும் எங்கே வைத்தது? 'புறத்து' என்றது. அன்பின் ஐந்திணைக்குப் புறம்பான கைக்கிளை, பெருந்திணை என்று இளம்பூரணர் அதற்குப் பொருள் சொன்னார். ஏவல்செய்து பிழைப்பவரின் காதலுக்கு ஐந்திணைக்குள் வீடில்லை. இதை வெறும் இலக்கண விதியாகப் படித்துப் பரீட்சை எழுதிவிட்டு வந்துவிட்டோம். ஆனால் இது ஓர் இட ஒதுக்கீடு. ஊரின் வரைபடம் கவிதையின் வரைபடமாகப் படிந்திருக்கிறது. இந்தக் கோடு நவீன நகரத்தில் அழிந்ததா என்பதுதான் நம் கேள்வி.

3

முதலில் சொற்களைப் பார்ப்போம். கொங்கு நாட்டில் விவசாய நிலத்துக்குப் 'பூமி' என்று பேர். 'அவியளுக்கு எத்தன ஏக்கரா பூமி?' என்றுதான் சம்பந்தம் பேசும்போது விசாரிப்பார்கள். மானாவாரி நிலம் 'காடு'. கிணற்றுப் பாசனம் இருந்தால் 'தோட்டம்'. இந்தப் பூமி மனையாக வெட்டப்பட்டதும் 'சைட்' ஆகிறது. ஏக்கரா போய் சென்ட் வருகிறது. 'தோட்டம்' என்பது 'கார்டன்' ஆகி லே-அவுட்டின் பேர்ப்பலகையில் ஏறுகிறது. விளம்பரத்தைப் படித்துப் பாருங்கள்: 30 அடி ரோடு, ஆழ்குழாய்க் கிணறு, தெருவிளக்கு, காம்பவுண்ட் சுவர், 24 மணி நேரக் காவல். சுவர் அங்கே ஒரு வசதியாக, விலைக்குரிய சரக்காக எழுதப்பட்டிருக்கிறது.

சொல் மாறியது. உடைமை மாறியதா? 2011இல் கோவை மாநகராட்சி குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளையும் சுற்றியிருந்த பேரூராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு இரண்டு மடங்குக்கும் மேல் விரிந்தது. இப்படி நகர எல்லை விரியும்போதெல்லாம் யாரிடம் பூமி இருந்ததோ அவர்களிடமே சைட்டும் சேர்ந்தது. சாதிவாரியாக நிலம் பங்கிடப்பட்டிருந்த விகிதம் அப்படியே சதுர அடிக்கு மாற்றி எழுதப்பட்டது. இதற்குச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. பத்திரப் பதிவு அலுவலகம் போதுமானதாக இருந்தது.

இங்கேதான் லைன் வீடு வருகிறது. கட்டடக்கலைப் புத்தகம் எதிலும் இதற்குப் படம் கிடையாது. ஆனால் திருப்பூரிலும் கோவையின் வெளிவட்டத்திலும் பெருவாரியான உழைப்பாளிகள் தூங்கி எழும் கட்டடம் இதுதான். எதிரெதிராக இரண்டு வரிசை, நடுவே ஒரு சந்து. ஒவ்வொன்றும் ஒரே அறை, மேலே சிமென்ட் அட்டை. கோடியில் பொதுக் குளியலறை, பொதுக் கக்கூஸ். தண்ணீருக்கு முறை, கரண்டுக்குத் தனி மீட்டர், அந்த மீட்டருக்கு ஓனர் வைத்த ரேட். சந்தின் வாயில் ஓனரின் மாடி வீடு. மாடியில் நின்றால் எந்த வீட்டுக்கு யார் வந்தார்கள், எப்போது விளக்கணைந்தது என்பதெல்லாம் தெரியும். கண்காணிப்பைப் பற்றி ஃபூக்கோ எழுதியதை மேற்கோள் காட்டுகிறவர்கள், அதற்காகப் பாரிசுக்குப் போக வேண்டியதில்லை.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது? மில்கள் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு ஒரு முன்மாதிரி. அதைவிட நெருக்கமான முன்மாதிரி தோட்டத்துச் சாளை. பூமிக்காரர் தன் தோட்டத்தின் ஓரத்தில் ஆளுக்காரனைக் குடிவைப்பார். சாளை இருக்கும், ஆனால் அது அவனுடையதல்ல. வேலை இருக்கும்வரை குடியிருப்பு. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் தூரம். லைன் வீட்டில் குடிவைத்தவர் 'பண்ணாடி' போய் 'ஓனர்' ஆகியிருக்கிறார். குடியிருப்பவர் மாதாரி மட்டுமல்ல. மதுரை, தேனிப் பக்கமிருந்து வந்தவர், பிறகு பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட்டிலிருந்து வந்தவர். நிலத்துக்கும் தலைக்குமான உறவு மட்டும் அதேபோல இருக்கிறது.

ஷரத் சாரி திருப்பூரைப் பற்றி 2004இல் வெளியிட்ட 'ஃபிராட்டர்னல் கேப்பிட்டல்' என்ற ஆய்வு இதை வேறொரு பக்கமிருந்து காட்டியது. விவசாயத்திலிருந்து பனியன் கம்பெனித் தொழிலாளியாகி, பிறகு முதலாளியான கவுண்டர்கள் தங்கள் வெற்றிக்குச் சொன்ன காரணம் 'உழைப்பு' என்ற ஒரே சொல். பூமியில் பாடுபட்டவன் என்ற அடையாளம் கம்பெனிக்குள் மூலதனமாகிறது; நானும் உன்னைப்போலப் பாடுபட்டவன்தானே என்ற பேச்சு, அடுத்தவர் உழைப்பின்மேல் அதிகாரம் செலுத்தும் பேச்சாகிறது. எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' அதே 2004இல்தான் வந்தது. ஐந்து நண்பர்களின் வாழ்க்கை வழியே பனியன் நகரம் எழும்பும் அந்த நாவலையும் இந்த ஆய்வையும் சேர்த்துப் படித்தால், 'முட்டி மோதி மேலே வந்த மனிதன்' என்ற பெருங்கதையாடலில் எத்தனை பேர் விடுபட்டுப்போனார்கள் என்பது புரியும்.

சீனத்தோடு ஓர் ஒப்பீடு இங்கே உதவும். 1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலமான ஷென்ஜென், கட்டடக்கலைக்காரர்களுக்கெல்லாம் ஆச்சரியமான ஊர். டச்சுக் கட்டடக் கலைஞர் ரெம் கூல்ஹாஸ் தன் மாணவர்களோடு முத்தாற்றுக் கழிமுகப் பகுதியை ஆராய்ந்து 2001இல் தடித்த புத்தகமே போட்டார். வானுயர்ந்த கோபுரங்களைத்தான் உலகம் பார்த்தது. அந்தக் கோபுரங்களைக் கட்டியவர்கள் குடியிருந்தது வேறிடத்தில். அரசு விவசாய நிலங்களை எடுத்துக்கொண்டு கிராமத்தாரின் வீட்டுமனைகளை விட்டுவைத்தது. அவர்கள் அந்த மனைகளில் ஆறேழு மாடி எழுப்பி வெளியூர்த் தொழிலாளிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். எதிரெதிர் ஜன்னல்களிலிருந்து கைகுலுக்கிக்கொள்ளலாம் என்பதால் 'கைகுலுக்கும் கட்டடங்கள்' என்று அவற்றுக்குப் பேர். நகரத்துக்குள் கிராமம். பழைய விவசாயி வீட்டு ஓனர், புதிய உழைப்பாளி குடித்தனக்காரர். திருப்பூர்க்காரர் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்படமாட்டார்கள்.

ஒற்றுமை அதோடு முடிகிறது. அங்கே வெளியூர்க்காரரை வெளியூர்க்காரராகவே வைத்திருக்க ஹுகோ என்ற அரசு குடிப்பதிவு முறை இருக்கிறது. பதிவு ஊரில் இல்லாவிட்டால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிச் சலுகை எல்லாமே சிக்கல். இங்கே அரசியல் சாசனம் யாரும் எங்கும் குடியிருக்கலாம் என்கிறது. அப்படியிருந்தும் வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி வாடகையைப் பற்றியதாக இருப்பதில்லை. 'உங்களுக்கு எந்த ஊருங்க?' இரண்டாவது கேள்வி, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, 'நீங்க என்ன ஆளுங்க?' கொங்குத் தமிழின் மரியாதை பேர்போனது. 'ங்க' போடாமல் வாக்கியம் முடியாது. அந்த 'ங்க'வோடுதான் கதவும் சாத்தப்படுகிறது. சீனத்தில் அரசாங்க முத்திரை செய்யும் வேலையை இங்கே சாதி சம்பளம் வாங்காமல் செய்கிறது.

4

கண்ணுக்குத் தெரியாத கோடு போதாமல்போகும்போது சுவர் எழும்புகிறது.

நூற்பாலை விடுதிகளை எடுத்துக்கொள்வோம். 'சுமங்கலித் திட்டம்' என்றும் 'கேம்ப் கூலி' என்றும் பேர்பெற்ற முறையில், மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லி, பதின்வயதுப் பெண்களைத் தென்மாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் கூட்டிவந்தார்கள். ஆலைக்குள்ளேயே விடுதி, சுற்றி மதில், வெளியே போக அனுமதி, போனில் பேசக் கட்டுப்பாடு. 2011இல் ஐரோப்பிய அமைப்புகள் அறிக்கை வெளியிட்டபிறகு உலகம் பேசியது; இங்கே தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் அதற்கு முன்பிருந்தே பேசிக்கொண்டிருந்தன. சுவருக்குச் சொல்லப்பட்ட காரணம் 'பாதுகாப்பு'. யாரிடமிருந்து யாருக்குப் பாதுகாப்பு? பெண் உடலைப் பூட்டிவைத்தால் ஷிப்டுக்கு ஆள் குறையாது, சங்கம் உள்ளே வராது, ஊர் பெற்றோருக்கும் நிம்மதி. ஆணாதிக்கக் குடும்பமும் ஆலையும் ஒரே மதிலில் இரண்டு பக்கமும் பூசிக்கொண்டன.

மதத்தின் பேரிலும் கோடு ஆழமானது. 1997 நவம்பர் இறுதியில் நடந்த கலவரமும் 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளும் கோவையின் வரைபடத்தையே மாற்றின. கோட்டைமேடு, உக்கடம், கரும்புக்கடை என்றால் வெறும் ஊர்ப்பெயர் என்ற நிலை போய்விட்டது. 'அந்த ஏரியாவா?' என்று கேட்கும்போது 'ஏரியா' என்ற சொல்லே ஒரு மதத்தைக் குறிக்கிறது. வீடு கிடைக்காதவர்கள் ஒன்றாகக் குடியிருப்பதும், ஒன்றாகக் குடியிருப்பதைக் காட்டியே சந்தேகிப்பதும் ஒரு வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இப்போது நடூர். 2019 டிசம்பர் 2, விடியாத நேரம், மழை. மேட்டுப்பாளையத்தை ஒட்டிய நடூரில் சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் ஒன்று சரிந்து, அதன் அடியோரத்தில் இருந்த வீடுகளின்மேல் விழுந்தது. பெண்களும் குழந்தைகளும் உட்பட 17 பேர் தூக்கத்திலேயே செத்துப்போனார்கள். அத்தனை பேரும் அருந்ததியர். சுவர் ஒரு வசதியான வீட்டுக்குச் சொந்தமானது. அதன் உயரத்தைப் பற்றி முன்பே முறையிட்டிருந்ததாகக் குடியிருப்பு மக்கள் சொன்னார்கள். நீதி கேட்டுத் திரண்டவர்கள்மேல் தடியடி நடந்தது. தமிழ்ப் புலிகள் கட்சியின் நாகை திருவள்ளுவன் உள்ளிட்டோர் கைதானார்கள்.

அப்போது நடந்த விவாதம் நினைவிருக்கும். அது தீண்டாமைச் சுவரா, வெறும் காம்பவுண்ட் சுவரா? கட்டுமானக் குறையா, சாதியா? மழையா, மனிதனா? இந்தக் கேள்விகளே பிசகு என்று நினைக்கிறேன். பக்கத்தில் குடியிருப்பவர் கண்ணில் படக்கூடாது என்பதற்காகத் தேவைக்கு மீறி உயரும் சுவரில் சாதியையும் சிமென்டையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்க முடியாது. 'வெறும் காம்பவுண்ட் சுவர்' என்று ஒன்று கொங்குப் பூமியில் இல்லை. எந்த அளவு உயரம் நியாயம் என்று கணக்குப்போட்டது பொறியியல் மட்டுமல்ல. அந்தப் பக்கம் இருப்பது யார் என்ற அறிவும் சேர்ந்துதான். 2008இல் மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டபோது தீண்டாமைச் சுவர் ஏதோ ஒரு கிராமத்தின் பழைய மிச்சம் என்று நகரத்தில் இருப்பவர்கள் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். நடூர்ச் சுவர் பழைய மிச்சம் அல்ல. அது வளர்ச்சியின் சுவர். பூமி வீடாக மாறி, வீடு பங்களாவாக வளர்ந்ததோடு சேர்ந்து வளர்ந்த சுவர்.

5

அரசு கட்டும் நகரத்தைப் பார்ப்போம். 2016 ஜனவரியில் ஸ்மார்ட் சிட்டி முதல் பட்டியலிலேயே கோவை இடம்பெற்றது. நொய்யலின் வாய்க்கால்கள் நிரப்பும் குளங்களின் கரைகள் நடைபாதையும் விளக்கும் அலங்கார வளைவுமாக மாறின. 'ஐ லவ் கோவை' என்ற எழுத்துக்கு முன்னால் குடும்பத்தோடு நின்று படமெடுக்கிறார்கள். ஏழை எளியவர்களும் ஞாயிற்றுக்கிழமை மாலை காசில்லாமல் காற்றுவாங்க ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அதை ஏளனம் செய்வது அறிவாளித் திமிர். ஆனால் முத்தண்ணன்குளம் போன்ற குளக்கரைகளில் தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் எங்கே? கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, வெள்ளலூர் என்று ஊரின் விளிம்பில் இருக்கும் அடுக்குமாடிகளில். நகரத்தின் குப்பைக்கிடங்கு இருப்பதும் வெள்ளலூரில்தான் என்பது தற்செயலாக இருந்துவிட்டுப் போகட்டும். நகரத்தின் நடுவே வீட்டுவேலை, மார்க்கெட் சுமை, துப்புரவு என்று பிழைத்தவர்களுக்கு, வேலை செய்த இடத்துக்கும் தூங்கும் இடத்துக்கும் நடுவே பஸ் செலவு முளைத்தது. 1970இல் பிறந்த குடிசை மாற்று வாரியத்துக்கு 2021இல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பேர் மாற்றினார்கள். 'குடிசை' என்ற சொல்லை நீக்கியது நல்லதுதான். சொல்லைவிடத் தூரம் முக்கியம்.

ஆலைகளின் கதையும் இதுதான். 1910இல் தொடங்கிய லட்சுமி மில் வளாகத்தில் 2023இல் லூலூ ஹைப்பர்மார்க்கெட் திறக்கப்பட்டது. நூல் உற்பத்தியான வளாகத்தில் இன்று நுகர்வு. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் 2020 மார்ச் ஊரடங்கோடு ஓடுவது நின்றன. ரங்கவிலாஸ் மில்லும் அவற்றில் ஒன்று. அந்தப் பெயரைக் கேட்டதும் இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு இன்னொன்று ஞாபகம் வர வேண்டும். சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த அந்த மில்லின் தொழிலாளிகள் ராமையன், வெங்கடாசலம், ரங்கண்ணன், சின்னையன் ஆகிய நால்வரும் 1946 ஜனவரி 8இல் கோவை மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள்.

அந்தச் சிறை நிலத்தின் ஒரு பகுதியில்தான், 2010 உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டில் அறிவிக்கப்பட்ட செம்மொழிப் பூங்கா 45 ஏக்கரில் 2025 நவம்பரில் திறக்கப்பட்டது. சங்க இலக்கியம் சொல்லும் தாவரங்களைத் தேடி நட்டிருக்கிறார்கள். சிறையாக இருந்த நிலம் பூங்காவாவது நல்ல காரியம். வ.உ.சி. இழுத்த செக்கு அந்தச் சிறையில் நினைவுச் சின்னமாகப் போற்றப்படுகிறது, அதுவும் சரி. தூக்குக் கயிற்றில் முடிந்த நால்வரின் நினைவுக்கு இந்த நகரத்தின் கட்டடக்கலை எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறது என்று நாம் கேட்கலாம் அல்லவா? தாவரங்களுக்குத் திணை உண்டு. வினைவலர் இன்னும் புறத்துதான்.

இன்னொரு விஷயம். அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பேர் சூட்டப்பட்டது. அதே 2025 அக்டோபரில்தான் தெருக்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் சாதிப் பெயர்களை நீக்கும் அரசாணையும் வந்தது. கண்டுபிடிப்பாளராக அவருடைய பெருமையைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. பேரைச் சொல்லி அழைக்கச் சாதி இல்லாமல் வேறு வழி மக்களுக்கே தெரியாது என்பதுதான் அரசு தரப்பு வாதத்தின் சாரம். இதைவிட உண்மையான வாக்குமூலம் இருக்க முடியாது. சந்தின் பேர்ப்பலகையிலிருந்து சாதியை அழிக்கலாம், பத்துக் கிலோமீட்டர் கான்கிரீட்டிலிருந்து அழிக்க முடியாது என்றால், எங்கே எது திடமாக இருக்கிறது என்று நகரமே நமக்குச் சொல்லிக்கொடுக்கிறது.

6

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போக முடியாது. நகரம்தானே மாதாரியைப் பண்ணயத்திலிருந்து விடுவித்தது? அம்பேத்கர் 1948 நவம்பர் 4இல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைக் குறுகிய புத்தியின், அறியாமையின் இருப்பிடமாகச் சாடியது பிறகு எதற்கு? பஸ்ஸில் பக்கத்தில் உட்காரலாம். டீக்கடையில் ஒரே கிளாஸ். ஜாப் ஒர்க்கோ, பவர்டேபிளோ, வாரச் சம்பளம் கைக்கு வருகிறது. 'சாமீ' என்று கும்பிட வேண்டியதில்லை. பிள்ளை இன்ஜினியரிங் படிக்கிறது. கிராமத்தைப் பற்றி ஏங்குகிறவர்கள் யாரும் ஆளுக்காரனாக இருந்தவர்கள் இல்லை.

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். இழப்பின் கதையை நான் மறுத்ததற்கும் இதுவே காரணம். கூலி உறவில் நகரம் ஒரு பூட்டை உடைத்தது, மெய்தான். இட உறவில் அதே பூட்டைப் புது இரும்பில் வார்த்துக்கொண்டிருக்கிறது. பகலில் எல்லாரும் ஒரே பஸ்ஸில் போகிறோம். ராத்திரி யார் எங்கே இறங்குகிறோம் என்பதில் சாதி திரும்பிவந்து சேர்கிறது. டீக்கடைக் கிளாசில் தோற்ற தீண்டாமை வாடகை ஒப்பந்தத்தில் ஜெயிக்கிறது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளிகள் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவியபோது திருப்பூர் லைன் வீடுகள் காலியாகத் தொடங்கின. வதந்திதான், அரசும் மறுத்தது. ஒரு வதந்தியில் மூட்டை கட்டும் அளவுக்கு அவர்கள் இந்த ஊரில் வேர்விடாமல் இருந்தார்கள் என்பது வதந்தி அல்ல. பத்து வருடம் உழைத்த ஊரில் ஒரு சுவர்கூட அவர்கள் பேரில் இல்லை.

ஆகவே விமர்சனம் செய்ய வேண்டியது என்ன? எழுதுகிறவர்களிடம் என் வேண்டுகோள் இது. கொங்கு நகரத்தைப் பற்றி அடுத்த நாவலை எழுதும்போது தோட்டத்துக் கிணற்றடியில் தொடங்காதீர்கள். லைன் வீட்டின் பொதுக் குழாயில் தொடங்குங்கள். ஓனர் வீட்டு மாடியிலிருந்து சந்தைப் பார்க்காமல், சந்திலிருந்து மாடியைப் பாருங்கள். பீகார்ப் பெண்ணும் தேனிப் பெண்ணும் அருந்ததியப் பெண்ணும் ஒரே குழாயில் குடம் வைக்கும்போது எந்த மொழியில் சண்டைபோடுகிறார்கள், எந்த மொழியில் சமாதானமாகிறார்கள் என்று கேளுங்கள். வட்டார வழக்கு என்று நாம் கொண்டாடியது ஒரு சாதியின் வீட்டுப்பேச்சைத்தானா என்ற கேள்விக்கும் அங்கே விடை கிடைக்கும்.

களத்தில் இருக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கூலிக்கும் போனசுக்கும் போராட நமக்குத் தெரியும். வீட்டுக்கும் மனைக்கும் சுவரின் உயரத்துக்கும் போராடும் மொழி நம்மிடம் பலவீனமாக இருக்கிறது. ஆலைவாசலில் கொடி ஏற்றிய சங்கம் லைன் வீட்டுச் சந்துக்குள் நுழைந்ததில்லை, ஏனென்றால் பல சந்துகளில் ஓனரும் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவராகவே இருந்தார். மூடிக் கிடக்கும் பஞ்சாலைகளின் நிலம் நாளை என்னவாகும் என்பது இனிமேல்தான் முடிவாகப்போகிறது. அங்கே மாலா, வில்லாவா, ஐ.டி. பூங்காவா என்று மூன்று கேள்விகள் மட்டுமே கேட்கப்படும். அந்த ஆலைகளில் நூல் எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஊருக்கு நடுவில் வீடு என்ற நான்காவது கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும். நடூரில் செத்துப்போன 17 பேருக்கும் அதற்குக் குறைவான எதுவும் அஞ்சலியாகாது.